இணையத்தளம் உங்களுடையதா, வடிவமைத்தவருடையதா? சிறு தொழில் முயற்சியாளர்கள் அறிந்திருக்க வேண்டியவை

ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் என வீட்டிலும் சிறு ஆலைகளிலும் தயாரித்து விற்பவர்கள் வடக்கு கிழக்கில் ஏராளம். இவர்களில் பலருக்கு முகநூல் பக்கமும் வட்ஸ்அப் இலக்கமுமே கடைவாசல். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் "உங்களுக்கு வெப்சைற் இல்லையா?" என்று கேட்ட பின்னர்தான் இணையத்தளம் பற்றிய யோசனை வருகின்றது. தெரிந்த தம்பி ஒருவரிடம் முற்பணம் கொடுக்கப்படுகின்றது. இரண்டு, மூன்று கிழமைகளில் தளமும் வந்துவிடுகின்றது.

சிக்கல் பெரும்பாலும் ஓராண்டு கழித்தே தலைகாட்டுகின்றது. ஒரு நாள் காலையில் தளம் திறக்கவில்லை. வடிவமைத்தவர் வெளிநாடு போய்விட்டார், அல்லது தொலைபேசி இலக்கத்தை மாற்றிவிட்டார். கடவுச்சொல் யாரிடமும் இல்லை. பக்கற்றுகளில் அச்சிட்ட முகவரிக்குப் போகின்றவர்கள் வெற்றுப் பக்கத்தையே பார்க்கின்றார்கள். பணம் கொடுத்தவருக்கு அந்தப் பெயரின் மீது எந்தப் பிடியும் இல்லை என்பது அப்போதுதான் தெரியவருகின்றது.

இதைத் தவிர்ப்பதற்குத் தொழில்நுட்பம் படித்திருக்கத் தேவையில்லை. பணம் கொடுப்பதற்கு முன்னர் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில், தளம் தேவையா?

எல்லாத் தொழிலுக்கும் உடனடியாக இணையத்தளம் தேவை என்றில்லை. சுற்றுவட்டார வாடிக்கையாளர்களை மட்டும் நம்பியிருக்கும் தையலகத்துக்கோ உணவகத்துக்கோ, கூகுள் வரைபடத்தில் இலவசமாகப் பதிவு செய்யக்கூடிய வணிகப் பக்கமே முதற்படியாகப் போதுமானது. திறக்கும் நேரம், தொலைபேசி இலக்கம், இடம், படங்கள் எல்லாவற்றையும் அதில் இடலாம்.

தொலைவிலுள்ளவர் உங்களை நம்பிப் பணம் அனுப்ப வேண்டியிருந்தால் நிலைமை வேறு. விருந்தினர் விடுதி, ஏற்றுமதி செய்யும் உணவு உற்பத்தி, மொத்த விற்பனை போன்றவற்றுக்கு இணையத்தளம் பயன் தரும். முகநூல் கணக்கு முடக்கப்பட்டாலோ திருடப்பட்டாலோ வாடிக்கையாளர் உங்களைத் தேடிவர வேறொரு முகவரியும் இருக்கும்.

மூன்று பொருள்கள், மூன்று செலவுகள்

"வெப்சைற் செய்ய எவ்வளவு?" என்று ஒரே கேள்வியாகக் கேட்பதில்தான் குழப்பம் ஆரம்பமாகின்றது. உண்மையில் அங்கே மூன்று வெவ்வேறு பொருள்கள் உள்ளன.

முதலாவது டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர். இது குறிப்பிட்ட காலத்துக்குப் பதிவு செய்யப்படுவது. பெரும்பாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது ஹோஸ்டிங். தளத்தின் கோப்புகள் இருக்கும் கணினியில் பெறும் வாடகை இடம் இது. இதற்கும் மாத அல்லது ஆண்டுக் கட்டணம் உண்டு. மூன்றாவது வடிவமைப்பு. இது ஒருமுறை செய்யும் வேலை. பின்னர் பராமரிப்புக்குத் தனியாகக் கட்டணம் வரலாம்.

டொமைன் காணியின் உறுதி போன்றது, ஹோஸ்டிங் வாடகைக் காணி, வடிவமைப்பு அதன் மேல் எழும் கட்டடம் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டடம் பிடிக்காவிட்டால் இடித்துக் கட்டலாம். வாடகைக் காணி சரியில்லை என்றால் வேறிடம் மாறலாம். உறுதி இன்னொருவர் பெயரில் இருந்தால் இரண்டும் உங்கள் கையில் இல்லை.

டொமைன் யாருடைய பெயரில்?

ஆகவே முதலாவது விதி: டொமைனை நீங்களே பதிவு செய்யுங்கள். வடிவமைப்பாளர் பதிவு செய்து தந்தாலும், பதிவாளர் பெயராக உங்கள் பெயரோ நிறுவனப் பெயரோ இருக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரியும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

மின்னஞ்சல் ஏன் முக்கியம்? டொட் கொம் போன்ற பெயர்கள் காலாவதியாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரும் ஒரு வாரம் முன்னரும் பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது சர்வதேச டொமைன் நிர்வாக அமைப்பான ஐகானின் விதி. அந்த நினைவூட்டல் பதிவிலுள்ள மின்னஞ்சலுக்கே போகும். அது வடிவமைப்பாளருடையது என்றால் உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

காலாவதியான பெயர் உடனே பறிபோவதில்லை. டொட் கொம் பெயர்களைப் பொறுத்தவரை, பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள்கள் வரை வழமையான முறையில் புதுப்பிக்க வாய்ப்பு இருக்கலாம். பெயர் நீக்கப்பட்ட பின்னரும் 30 நாள்கள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் அப்போது மேலதிகமாகக் கணிசமான கட்டணம் அறவிடப்படும். அதன் பின் 5 நாள்களில் பெயர் விடுவிக்கப்பட்டு, யாரும் வாங்கக்கூடிய நிலைக்கு வந்துவிடும். எனவே தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வைப்பதும், இயலுமானால் சில ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பதிவு செய்வதும் நல்லது. டொட் கொம் பெயரை ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரை பதியலாம்.

டொட் கொம்மா, டொட் எல்.கே.யா?

இலங்கைக்குரிய டொட் எல்.கே. 1990 முதல் பயன்பாட்டில் உள்ளது. எல்.கே. டொமைன் பதிவகம் அதனை நிர்வகிக்கின்றது. உள்நாட்டு வாடிக்கையாளரை நோக்கிய தொழிலுக்கும், "இலங்கைத் தயாரிப்பு" என்பதையே அடையாளமாகக் கொண்ட பொருளுக்கும் அது பொருந்தும். பல நாடுகளுக்கு விற்பவர்கள் டொட் கொம்மை விரும்புகின்றனர். இயலுமானவர்கள் இரண்டையும் வாங்கி ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடலாம்.

2010 முதல் தமிழ் எழுத்திலேயே "டொட் இலங்கை" என்ற முகவரியும் உண்டு. தமிழில் முழு முகவரியையும் எழுத முடிவது பெருமைக்குரியதுதான். ஆனாலும் சில செயலிகளில் அதனைப் பிரதி செய்து ஒட்டும்போது விளங்காத ஆங்கில எழுத்துக் கோர்வையாக மாறிவிடுகின்றது. தமிழ் முகவரியிலான மின்னஞ்சலை எல்லாச் சேவைகளும் ஏற்பதும் இல்லை. ஆகவே அதை இரண்டாவது முகவரியாக வைத்திருப்பது பாதுகாப்பானது.

பெயரைத் தெரிவு செய்யும்போது, தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் மற்றவர் பிழையின்றி எழுதுவாரா என்று சோதித்துப் பாருங்கள். தமிழ்ச் சொற்களை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவதால் இந்தச் சோதனை நமக்கு மிகவும் அவசியம்.

கொட்டேசனில் இருக்க வேண்டியவை

குறைந்தது இரண்டு, மூன்று பேரிடம் எழுத்தில் கொட்டேசன் வாங்குங்கள். மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட வேண்டாம். பின்வருவன தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும்.

- எத்தனை பக்கங்கள், எந்தெந்த மொழிகளில்
- எழுத்தும் படங்களும் யார் தருவது
- எத்தனை தடவை திருத்தம் கேட்கலாம்
- டொமைன், ஹோஸ்டிங் கட்டணம் முதலாம் ஆண்டுக்கு எவ்வளவு, இரண்டாம் ஆண்டிலிருந்து எவ்வளவு
- ஒப்படைத்த பின்னர் எத்தனை மாதம் இலவசமாகப் பிழை திருத்துவார்
- முடிக்கும் திகதி

முழுத் தொகையையும் முற்பணமாகக் கொடுக்க வேண்டாம். ஆரம்பத்தில் ஒரு பங்கு, மாதிரி வடிவத்தை ஏற்றுக்கொண்டதும் ஒரு பங்கு, எல்லாக் கடவுச்சொற்களும் கைக்கு வந்த பின் மீதி என்று பிரிப்பது இரு தரப்புக்கும் நியாயமானது. ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு பெறுங்கள்.

வடிவமைப்பாளர் முன்னர் செய்த தளங்களை உங்கள் கைபேசியில் திறந்து பாருங்கள். பெரும்பாலானோர் கைபேசியில்தான் பார்ப்பார்கள் என்பதால் கணினித் திரையில் காட்டும் அழகை மட்டும் நம்பக்கூடாது. படங்கள் மெதுவாக வந்தால், அவற்றின் அளவைக் குறைக்காமல் ஏற்றியிருக்கின்றார் என்று அர்த்தமாகலாம். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியை இட்டால் வேகத்தை எவரும் அளந்து பார்க்கலாம்.

சிறு தளங்கள் பல வேர்ட்பிரஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் செய்யப்படுகின்றன. அந்த மென்பொருள் இலவசம். அதற்கான சில டெம்ப்ளேட்டுகள் கட்டணத்துக்குரியவை. காசு மிச்சம் பிடிக்கத் திருட்டுப் பிரதிகளைப் பயன்படுத்துவோரும் உள்ளனர். அவற்றுக்குள் தீங்கான நிரல்கள் ஒளிந்திருக்கக்கூடும். "டெம்ப்ளேட் உரிமத்துடன் வாங்கியதா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். முகவரியில் பூட்டுச் சின்னத்தைத் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்பிடமிருந்து இலவசமாகவே கிடைக்கின்றது. அதற்கெனப் பெருந்தொகை கேட்டால் காரணம் கேளுங்கள்.

தமிழ் எழுத்தில் வரும் தனிச் சிக்கல்

நமது அச்சகங்களில் பாமினி எழுத்துரு இன்னும் பாவனையில் உள்ளது. பாமினியில் தட்டச்சிட்ட சொல் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினியில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகின்றது. துண்டுப்பிரசுரத்துக்காகத் தட்டச்சிட்டதை அப்படியே தளத்தில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாதவருக்கு அது விளங்காது. கூகுளில் "ஒடியல் மா" என்று தேடுபவருக்கும் உங்கள் பக்கம் அகப்படாது.

இதைச் சமாளிக்கச் சிலர் தமிழ் வசனங்களைப் படமாக மாற்றிப் போடுகின்றனர். பார்க்க அழகாக இருந்தாலும் தேடுபொறிக்கும், பார்வைக் குறைபாடுடையோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் அது உதவாது. எல்லாத் தமிழ் எழுத்தும் யூனிகோட்டில் இருக்க வேண்டும் என்பதை உடன்படிக்கையில் எழுதிவிடுங்கள். பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. மாற்றிய பின் ஒருமுறை எழுத்துப்பிழை பார்த்தால் போதும்.

பணம் பெறும் வழி

தளத்திலேயே அட்டை மூலம் பணம் பெற வேண்டுமானால் பேஹியர் போன்ற உள்நாட்டுக் கொடுப்பனவுச் சேவையோ வங்கியின் சேவையோ தேவை. இவை ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு வீதத்தைக் கழிவாக எடுக்கும். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரம், வியாபாரப் பெயர்ப் பதிவு போன்ற ஆவணங்கள் கேட்கப்படலாம். பதிவு செய்யாதவர்கள் தளம் ஆரம்பிக்க முன்னரே பிரதேச செயலகத்தில் விசாரிப்பது நல்லது. பேபாலைப் பொறுத்தவரை, இலங்கையிலிருந்து பணம் செலுத்த முடிந்தாலும் பணம் பெற முடியாத நிலையே நீண்டகாலம் நீடித்தது. அதை நம்பித் தளத்தைத் திட்டமிட வேண்டாம்.

வாடிக்கையாளரின் அட்டை இலக்கத்தை வட்ஸ்அப்பிலோ தளத்தின் படிவத்திலோ நேரடியாக வாங்குவதை முற்றாகத் தவிர்க்க வேண்டும். ஆரம்பத்தில் விற்பனை குறைவாக இருந்தால், பொருள்களைத் தளத்தில் காட்டிவிட்டு ஓடரை வட்ஸ்அப்பிலும் பணத்தை வங்கிக் கணக்கிலும் பெறுவதே சிக்கனமானது.

சட்டம் சொல்வது

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஊழியர் தமது வேலையின்போது உருவாக்கும் ஆக்கத்தின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, தொழில்வழங்குநருக்குரியது. வெளியாள் ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்விக்கும் வேலையில் அவ்வாறு தானாக உரிமை வரும் என்று எண்ணிவிடக்கூடாது. "வடிவமைப்பு, படங்கள், எழுத்து ஆகியவற்றின் உரிமை முழுக் கொடுப்பனவுடன் வாடிக்கையாளருக்கு மாற்றப்படும்" என ஒரு வரி எழுதி இருவரும் கையொப்பமிடுவது பாதுகாப்பு. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் அளிக்கின்றது. எனவே பேசி முடித்ததை ஒரு மின்னஞ்சலாகவேனும் அனுப்பி, "சம்மதம்" என்ற பதிலைப் பெற்று வையுங்கள்.

வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைச் சேகரிக்கும் தளங்கள் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும். தேவையான விபரத்தை மட்டும் கேட்பதும், எதற்காகக் கேட்கின்றோம் என்று சொல்வதும் நல்ல ஆரம்பம்.

ஒப்படைக்கும் நாளில்

இறுதிப் பணத்தைக் கொடுக்க முன்னர் டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, தளத்தின் நிர்வாகிக் கணக்கு, தளத்துடன் தொடர்புடைய மின்னஞ்சல் கணக்கு ஆகிய நான்கிலும் நீங்களே உள்நுழைந்து பாருங்கள். கடவுச்சொற்களை மாற்றுங்கள். தளத்தின் முழுப் பிரதி ஒன்றைக் கோப்பாகப் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரு பொருளின் விலையை நீங்களே மாற்றிக் காட்டும்படி கேளுங்கள். அதைக்கூட வடிவமைப்பாளரை அழைத்தே செய்ய வேண்டியிருந்தால் பயிற்சி முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் ஐகானின் டொமைன் தேடல் பக்கத்தில் தமது டொட் கொம் பெயரை இட்டு, எந்த நிறுவனத்தில் பதியப்பட்டுள்ளது, எப்போது காலாவதியாகின்றது என்று இன்றே பார்க்கலாம். டொட் எல்.கே. பெயர்களுக்கு எல்.கே. டொமைன் பதிவகத்தின் தளத்தில் தேடலாம். உரிமையாளர் விபரம் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும் என்பதால் அதை வடிவமைத்தவரிடமே கேட்டறிய வேண்டும். பெயர் அவருடையதாக இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரே பதிவு நிறுவனத்துக்குள் கணக்கு மாற்றுவது பொதுவாக இலகுவானது. வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதாயின் பெயரின் பூட்டைத் திறந்து, மாற்றக் குறியீடு ஒன்றை அவர் தர வேண்டும். புதிதாகப் பதிந்த டொட் கொம் பெயரை முதல் 60 நாள்களுக்குப் பொதுவாக மாற்ற முடியாது. அவர் தொடர்பில் இருக்கும்வரை இது சில நிமிட வேலை. தொடர்பு அறுந்த பின்னர், பணம் கொடுத்த பற்றுச்சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பதிவு நிறுவனத்துடன் வாதாட வேண்டிவரும்.