பின்னி மில்லும் வியாசர்பாடித் தொழிலாளர்களும்

'மில்' என்ற ஆங்கிலச் சொல் முதலில் தானியம் அரைக்கும் ஆலையைத்தான் குறித்தது. ஆற்று நீர் ஒரு பெரிய சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் கல்லைச் சுழற்றும். 1771-ல் இங்கிலாந்தில் ஆர்க்ரைட் அதே நீர்ச் சக்கரத்தால் நூல் நூற்கத் தொடங்கினார். அதனால் பஞ்சாலைக்கும் 'மில்' என்றே பெயர் வந்தது. நம் ஊரிலும் ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்தில் தாமிரபரணி நீரின் விசையால் ஒரு பஞ்சாலையை ஓட்டினார்கள்.

சென்னையோ சமதரை. இங்கே அருவி இல்லை. எனவே நிலக்கரியும் நீராவியும்தான் துணை. பின்னி கம்பெனி வியாசர்பாடிக்குப் பக்கத்தில், பெரம்பூர் - புளியந்தோப்பு பகுதியில் 1876-ல் பக்கிங்காம் மில்லையும் 1881-ல் கர்நாடிக் மில்லையும் தொடங்கியது. 1920-ல் இரண்டும் ஒன்றாகி 'பி அண்ட் சி மில்' ஆயின. மக்களுக்கு அது எப்போதும் பின்னி மில்தான். இங்கு நெய்த காக்கித் துணி ராணுவத்துக்குப் போனது.

துணிக்குக் கிடைத்த பெயர் அதை நெய்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம்தான். கை கழுவிச் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் சங்கு ஊதிவிடும். இந்தக் குறைகளைப் பேசவே செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முயற்சி எடுத்து, 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கினார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் இதுவே என்று சொல்வார்கள்.

கம்பெனி வாடியா மீது வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றமும் தடை உத்தரவு கொடுத்தது. சங்கம் வைப்பதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அப்போது நாட்டுக்கே புரிந்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1921 மே மாதம் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். கடன்பட்டு மாதக்கணக்கில் பட்டினி கிடக்க அவர்களிடம் வசதி இல்லை. எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்று பேசினார். ஒரே தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் சாதியால் இரண்டாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29-ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

மில் அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓடி, 1996-ல் மூடப்பட்டது. பிறகு அந்தக் கட்டடங்களில் சினிமாப் படப்பிடிப்புகள் நடந்தன.

ஒரே சங்குக்கு எழுந்து ஒரே வாசலில் நுழைந்தவர்கள், வெளியே தனித்தனிச் சேரிகளுக்கும் தெருக்களுக்கும் திரும்பினார்கள். சங்கம் அமைக்கும் உரிமையை இந்தியத் தொழிலாளிக்குப் பெற்றுத் தர உதவியது பின்னி மில். சாதியைத் தாண்டாத ஒற்றுமை எவ்வளவு சீக்கிரம் உடையும் என்று காட்டியதும் அதே மில்தான்.