முதலில் பதிந்தவரும் முதலில் புழங்கியவரும்: டொமைன் பெயர்த் தகராறுகளில் நோக்கத்தின் இடம்

சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் துண்டுகளை ஒட்டி 'சிஃபி' என்றொரு சொல்லை ஆக்கி, 1999 ஜூனில் அச்சொல் கொண்ட டொமைன் பெயர்கள் சிலவற்றைப் பதிந்துகொண்டது. ஈராண்டு கழித்து, 2001 ஜூன் 5 அன்று, 'சிஃப்பிநெட்' என்ற பெயரில் வேறொரு நிறுவனம் இணையச் சந்தைப்படுத்தும் தொழிலில் இறங்கியது. பெங்களூர் மாநகர சிவில் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடையாணை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் நிலைநிறுத்தியது. டொமைன் பெயர் வெறும் முகவரியல்ல, வணிகத்தை அடையாளம் காட்டும் பெயர். எனவே ஒருவர் தன் சரக்கையோ சேவையையோ பிறருடையதுபோல் காட்டுவதைத் தடுக்கும் 'பாஸிங் ஆஃப்' கொள்கை அதற்கும் பொருந்தும் என்பதே அத்தீர்ப்பிலிருந்து எல்லோரும் எடுத்துக்காட்டும் விதி. விதி சரிதான். ஆனால் வழக்கு எதைக் கொண்டு முடிவானது என்பதை விதி மட்டும் சொல்லிவிடாது. பெயரைத் தேர்ந்தெடுத்த நாளில் தேர்ந்தெடுத்தவரின் நோக்கம் என்ன என்ற கேள்விக்கு அங்கே பெரிய பங்கு இருந்தது. டொமைன் பெயரைப் பறிக்கும் எந்த நடவடிக்கைக்கும் அந்தக் கேள்வியே அச்சாணியாக இருக்கவேண்டும் என்பதும், '.இன்' பெயர்களுக்கான நம் நாட்டுக் கொள்கை அந்த அச்சாணியைத் தளர்த்திவிட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சிக்கலின் வேர் எளியது. வணிகக் குறியைப் பலர் பங்கிட்டுக்கொள்ள முடியும். 'லட்சுமி' என்ற பெயரில் கோவையில் ஒருவர் பஞ்சாலை நடத்தலாம், சிவகாசியில் ஒருவர் பட்டாசு செய்யலாம், கும்பகோணத்தில் ஒருவர் பாத்திரம் விற்கலாம். சரக்குகளுக்கு 34, சேவைகளுக்கு 11 என்று பிரிக்கப்பட்ட 45 வகுப்புகளும் இந்தப் பங்கீட்டுக்கு வழிசெய்பவை. டொமைனில் இதற்கு இடமில்லை. 'லட்சுமி.காம்' உலகத்துக்கே ஒன்றுதான், முந்தியவருக்கு அது போய்விடும். பதிவு நிறுவனம் அவரிடம் பணம் கேட்குமே தவிர உரிமைக்கான சான்று கேட்காது. கம்பெனிப் பதிவாளர் பெயரை ஏற்றுக்கொண்டார், டொமைனும் கிடைத்தது, இனிப் பெயர் நம்முடையது என்று நம்பித் தொழில் தொடங்குவோர் ஏராளம். இந்த இரண்டு பதிவுகளில் எதுவும் வணிகக் குறி உரிமையைத் தருவதில்லை.

சொல்லப்போனால், டொமைன் பதிவு உரிமை தருவதற்குப் பதில் கடமையைத்தான் சுமத்துகிறது. பணம் கட்டுமுன் ஒரு கட்டத்தில் டிக் செய்கிறோமே, அந்த ஒரு டிக்கோடு, '.காம்' போன்ற பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் சீரான தகராறுத் தீர்வுக் கொள்கை (யூ.டி.ஆர்.பி.) நம் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடுகிறது. நமக்குத் தெரிந்தவரை இந்தப் பெயர் மூன்றாமவர் உரிமையை மீறவில்லை என்று அதன் 2ஆம் பத்தியில் நாம் உறுதி கூறுகிறோம். மீறுகிறதா என்று கண்டறியும் பொறுப்பும் நம்முடையதே என்று அதே பத்தி முடித்துவிடுகிறது. கேட்ட பெயர் இல்லையென்றால் அதைப்போல் நாலு பெயரைத் தானே எடுத்துக்கொடுத்து விற்கும் பதிவு நிறுவனத்தின் பொறுப்பு பற்றி டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் ஸ்னாப்டீல் வழக்கில் கடுமையாகப் பேசியது. ஆயினும் 'ஸ்னாப்டீல்' என்ற சொல் கொண்ட எந்தப் பெயரையும் இனி விற்கக்கூடாது என்று வருங்காலத்துக்கும் சேர்த்து ஆணையிட அது மறுத்தது. பெயர் பிறந்த பிறகுதான் அதன் குற்றத்தை ஆராய முடியும் என்பது சரியான நிலை.

எப்படி ஆராய்வது? பாஸிங் ஆஃப் வழக்கில் ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்கவேண்டிய அவசியமில்லை. நற்பெயர், குழப்பம், சேதம் போதும். ஏட்டில் அப்படி. வழக்குகளைப் படித்துப்பார்த்தால், பிரதிவாதி தன் பெயருக்குச் சொன்ன காரணத்தை நீதிபதி நம்பினாரா என்பதே தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டிக் காட்டிவிடுகிறது. சிஃப்பிநெட் சொன்ன காரணம்: நிறுவனர்கள் ஐவரின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'சிஃப்பி' வருகிறது. உச்ச நீதிமன்றம் நம்பவில்லை. அதற்கு முன்பே பம்பாய் உயர் நீதிமன்றம் இதன் மூத்த சகோதரியைச் சந்தித்திருந்தது. 'ரெடிஃப்' நிறுவனத்துக்கு எதிராக 'ராடிஃப்' என்ற பெயரை வைத்தவர்கள், 'ராடிகல்' என்பதன் முதல் மூன்று எழுத்துகளோடு 'இன்ஃபர்மேஷன்', 'ஃப்யூச்சர்', 'ஃப்ரீ' ஆகிய சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தோம் என்றார்கள். ஏன் முதல் சொல்லுக்கு மட்டும் மூன்று எழுத்து, மற்றவற்றுக்கு ஒவ்வோர் எழுத்து? வேண்டிய சொல்லை முதலில் எழுதிவைத்துக்கொண்டு பின்னோக்கிக் காரணம் தேடினால்தான் கணக்கு இப்படி அமையும். தடையாணை பிறந்தது. முதலெழுத்து விளக்கம் தானாகவே பொய் என்று நான் சொல்லவில்லை; நிறுவனம் தொடங்கிய நாளின் தாள்களில் அது இருந்திருந்தால் மதிப்பு வேறு, வக்கீல் நோட்டீசு வந்த பின் முளைத்திருந்தால் வேறு.

(சிஃபி தீர்ப்பில் ஒரு வேடிக்கை உண்டு. பெயர்கள் ஐகானிடமும் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பிடமும் பதியப்பட்டதாக அதில் காண்கிறோம். இரண்டுமே யாருடைய டொமைனையும் பதிந்துகொடுப்பதில்லை. ஒன்று விதி வகுப்பது, மற்றது தகராறுக்கு நடுவர்களை அமர்த்துவது. 2004இல் இத்துறை நீதிமன்றங்களுக்கு எவ்வளவு புதிது என்பதற்கு இது சான்று.)

'சிஃபி' புதிதாக ஆக்கப்பட்ட சொல். அதை இன்னொருவர் தற்செயலாக எட்டுவது அரிது. வழக்குச் சொற்களில்தான் நோக்கத்தைப் பற்றிய விசாரணையின் அருமை தெரிகிறது. வேலை என்று பொருள்படும் 'நௌக்ரி' என்ற இந்திச் சொல் கொண்ட தளத்துக்கு எதிராக ஓர் எழுத்து கூட்டி 'நௌகரி.காம்' வந்தபோது, டெல்லி உயர் நீதிமன்றம் 2002இல் தடையாணை தந்தது. இந்திச் சொல்லுக்கு ஏகபோகமா என்ற கூச்சல் அப்போதே எழுந்தது, நியாயமான கூச்சல். ஆனால் எதிர்த் தரப்பு எழுத்துப் பிழையாக வருவோரை அள்ளவே அப்பெயரை வைத்திருந்தது என்ற கண்டறிதல் இல்லாமல் அந்தத் தீர்ப்பு நின்றிருக்காது. ஷாதி.காம் தொடுத்த இரு வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இது இன்னும் துலக்கமாகும். இரண்டையும் விசாரித்தவர் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல். 2014 வழக்கில் 'ஷாதிஹிஷாதி' என்ற தளத்தை அவர் தடுத்தார்: வாதியின் பெயரைக் கண்ணுக்குத் தெரியாத மெட்டாடேகுகளில் ஒளித்துவைத்து, தேடுபொறியில் வந்த கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பியிருந்தது அது. 2016 வழக்கில் மறுமணம் நாடுவோருக்கான 'செகண்ட்ஷாதி' என்ற தளத்தைத் தடுக்க மறுத்தார். திருமணம் என்று பொருள்படும் சொல்லை, அந்தப் பொருளிலேயே, திருமணத் தளத்துக்கு வைத்திருந்தார்கள். வாதி ஒருவரே, நீதிபதி ஒருவரே, பூசலுக்குரிய சொல்லும் ஒன்றே. மாறியது பிரதிவாதியின் நடத்தைதான். சென்னை உயர் நீதிமன்றமும் 2010இல், கூகுள் விளம்பரங்கள் தொடர்பான வேறொரு கோணத்தில், பாரத்மேட்ரிமனி நடத்தும் நிறுவனத்துக்கு இதையொத்த பதிலையே தந்தது: 'தமிழ்', 'மேட்ரிமனி' போன்ற சொற்களைப் போட்டியாளர் யாரும் தொடக்கூடாது என்று பூட்டுப் போட முடியாது.

இனி நடுவர் மன்றங்களுக்கு வருவோம், என் குறை அங்குதான். ஐகான் கொள்கை 1999இல் ஏற்கப்பட்டது. அதன்படி புகார்தாரர் மூன்றை நிரூபிக்கவேண்டும்: டொமைன் தன் குறியோடு குழப்பும்படி ஒத்திருக்கிறது, பதிந்தவருக்கு அதில் உரிமையோ நியாயமான நலனோ இல்லை, பெயர் தீய நோக்கத்தோடு பதியப்பட்டும் பயன்படுத்தப்பட்டும் வருகிறது. மூன்றாவதில் இரண்டு 'உம்'களும் முக்கியம். பதிந்தபோது குறியே பிறந்திருக்கவில்லை என்றால் பொதுவாகப் புகார் தோற்கும். இந்தியாவில் '.இன்' பெயர்களை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பு 2005இல் அவற்றுக்கு வகுத்த கொள்கை (ஐ.என்.டி.ஆர்.பி.) ஏறக்குறைய இதன் நகல், மூன்றாம் கூறில் ஒரு முக்கிய மாற்றம். தீய நோக்கத்தோடு பதியப்பட்டது 'அல்லது' பயன்படுத்தப்படுகிறது என்றிருந்தால் போதும். எனவே, 2006இல் தன் குடும்பக் கடைக்காக நேர்மையாக ஒரு பெயரைப் பதிந்தவர், 2016இல் அதே பெயரில் பெருநிறுவனம் ஒன்று வந்த பிறகு ஓர் அசட்டு விளம்பரத்தைப் போட்டுவிட்டால், பத்தாண்டுப் பெயரையே இழக்க நேரலாம்.

இதில் என்ன தவறு, பின்னால் செய்த தப்புக்குத் தண்டனை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான், எந்தத் தண்டனை என்பதே கேள்வி. செலவுத் தொகையை விட்டால், இந்த நடுவர்களால் தர முடிந்தவை இரண்டே: பெயரை ரத்து செய்யலாம், அல்லது புகார்தாரருக்கு மாற்றிக்கொடுக்கலாம். பெயர் உன்னிடமே இருக்கட்டும், இன்ன பயன்பாட்டை மட்டும் நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. நீதிமன்றத்துக்கு உண்டு. அமெரிக்காவில் நிசான் வழக்கு இதற்கு நல்ல பாடம். வட கரோலினாவில் உசி நிசான் என்பவர் 1980இலிருந்தே தன் குடும்பப் பெயரில் தொழில் நடத்தியவர். ஜப்பானிய நிசானின் கார்கள் அப்போது அங்கே 'டட்சன்' என்ற பெயரில் விற்றன. கணினிக் கடைக்காக 1994இல் 'நிசான்.காம்' பதிந்தார். 1999 இறுதியில் நிசான் மோட்டார் வழக்குத் தொடுத்தது. அந்தப் பக்கத்தில் அவர் வாகன விளம்பரங்களை ஏற்றியது குறியை மீறுவது என்று நீதிமன்றம் கண்டது. அவ்வளவோடு சரி, பெயர் அவரிடமே தங்கிவிட்டது. பல ஆண்டு இழுபறிக்கும் செலவுக்கும் பிறகுதான் என்றாலும், தீர்வு, செய்த தவறின் அளவுக்கு இருந்தது. நம் ஐ.என்.டி.ஆர்.பி. வாசகத்தின்படி ஒரு கடுமையான நடுவர் அதே உண்மைகளை வைத்துப் பெயரையே மாற்றிக்கொடுக்க முடியும். பறிப்பது மட்டுமே கையிலுள்ள மன்றம், பிறப்பிலேயே தீய நோக்கம் கொண்ட பெயர்களோடு நின்றுகொள்ளவேண்டும். பின்னாளைய தவறுகளுக்கு, அளந்து தீர்க்கத் தெரிந்த நீதிமன்றமே இடம்.

பிறப்பு நாளையே பார்ப்பது தந்திரசாலிகளுக்கு வசதி என்ற மறுப்பு 2024இல் கையில் ஓர் எடுத்துக்காட்டோடு வந்தது. ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையும் என்று ஊகித்து, இணைப்பு அறிவிக்கப்படும் முன்பே டெல்லி மென்பொருளாளர் ஒருவர் 'ஜியோஹாட்ஸ்டார்.காம்' பதிந்துவைத்து, பெயருக்கு ஈடாகத் தன் கேம்பிரிட்ஜ் படிப்புச் செலவைக் கேட்டார். பதிந்த நாளில் அந்த ஒட்டுப் பெயரில் குறி எதுவும் கிடையாது. ஆனாலும் என் அளவுகோலில் அவர் தேறமாட்டார். வரப்போகும் உரிமையைக் குறிவைத்து, ஏற்கெனவே இருக்கும் இரண்டு குறிகளை ஒட்டியதே அவர் நோக்கத்தைக் காட்டிவிடுகிறது. இத்தகைய முன்கூட்டிய பதிவு தீய நோக்கமே என்று யூ.டி.ஆர்.பி. நடுவர்களும் கூறிவந்திருக்கிறார்கள். 'உம்' என்ற சொல் அவரைக் காப்பாற்றாது. சமூக ஊடகத்தில் அவருக்குக் கிடைத்த கைதட்டல் வேறு விஷயம்.

நோக்கம்தான் அளவுகோல் என்றால், பதிய வருபவர் தன் நேர்மைக்கு அன்றைக்கே சாட்சி தேடிவைப்பது நல்லது. வணிகக் குறிப் பதிவேட்டின் இலவசத் தேடல் பக்கத்தில் சொல், வியன்னா குறியீடு, ஒலி என்று மூன்று வழிகள் உள்ளன. பெரும்பாலோர் சொல்லை மட்டும் அடித்துப் பார்த்து, எதுவும் வரவில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதுவோருக்கு அது போதவே போதாது: ஒரே 'ழ'கரத்தை நாலு விதமாக எழுதுகிறோம், 'த'கரத்தோடு ஓர் எழுத்தைச் சேர்ப்பதும் விடுவதும் அவரவர் சோதிடத்தைப் பொறுத்தது. ஒலித்தேடலைத் தன் தொழிலுக்குரிய வகுப்பிலும் அண்டை வகுப்புகளிலும் செய்து, திரையைத் தேதியோடு சேமித்துக்கொள்ளவேண்டும். பதிவேட்டில் இல்லாத குறிக்கும் வலு உண்டு. வணிகக் குறிச் சட்டத்தின் 34ஆம் பிரிவு முன்பிருந்தே புழங்குபவரைப் பதிவு பெற்றவரிடமிருந்தும் காக்கிறது. ஆகவே சந்தையிலும் கூகுளிலும் தேடவேண்டும். பெயர் ஏன் வந்தது என்ற குறிப்பு, பங்குதாரர்களின் மின்னஞ்சல், முதல் பில் எல்லாம் கோப்பில் இருக்கட்டும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். டொமைன் வாங்கும் அதே வாரத்தில் போட்டுவிடலாம்.

கொள்கையைத் திருத்துவது கடினமல்ல: மூன்றாம் கூறில் 'அல்லது' போய் 'உம்' வரவேண்டும்; காலாவதியான பெயரையோ பிறர் பெயரையோ விலைக்கு வாங்குவது புதிய பதிவாகவே கருதப்படும் என்று ஒரு வரி சேரவேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால், நல்லவர் 2006இல் பதிந்த பெயரை 2020இல் வாங்கிய மோசடிக்காரர் பழைய தேதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். இன்னொரு தடை உண்டு. பெயர் பிறந்த தேதி பொதுப் பதிவில் தெரியும். இப்போதைய உடைமையாளர் கைக்கு அது வந்த தேதி தெரியாது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மேயில் நடைமுறைக்கு வந்த பின் பெரும்பாலான பெயர்களில் உடைமையாளர் விவரமே மறைக்கப்பட்டுவிட்டது. '.இன்' பெயர்களை விற்கும் பதிவு நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருவது நிக்சிதான். புகார் வந்த உடனே கைமாறிய தேதியை நடுவரிடம் தரவேண்டும் என்பதை அந்த அங்கீகாரத்தின் நிபந்தனையாகவே அது சேர்க்கலாம்.