ஜமீன் கச்சேரி முதல் கன்வீனியன்ஸ் ஃபீ வரை

கச்சேரிக்கு டிக்கெட் என்ற பேச்சே இல்லாத காலம் ஒன்று இருந்தது, அதுவும் நம்ம ஊர்ப் பக்கமே! இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் உடையார்பாளையம் அப்போது ஜமீன். 19-ஆம் நூற்றாண்டில் கனம் கிருஷ்ணையர் அங்கே சமஸ்தான வித்வான். உ.வே.சா.வின் தந்தை வேங்கடசுப்பையர் சங்கீதம் படித்தது அவரிடம்தான். வித்வானுக்குப் படியளந்தவர் ஜமீன்தார். கேட்பவர் காசு கொடுக்கவில்லை. ஆனால் வித்வான் பிழைப்பு ஜமீன்தாரின் மனசைப் பொறுத்தது.

பிறகு பட்டணத்தில் சபாக்கள் வந்தன. மியூசிக் அகாடமி தொடங்கிய ஆண்டு 1928. இனி பணம் தருவது ரசிகர்கள். பாடகருக்கு இது ஒரு விடுதலைதான். ஆக, டிக்கெட் என்பதே அநியாயம் என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து வந்தது அரசாங்கம். ராஜாஜி ஆட்சியில், 1939-ல், கேளிக்கை வரிச் சட்டம் வந்தது. விற்பனை வரி வந்ததும் அதே ஆண்டுதான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. 2018 ஜனவரி முதல், 500 ரூபாய் வரையிலான கச்சேரி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு. நல்ல விஷயம். ஆனால் பெரிய கச்சேரிகளில் அந்த விலைக்கு டிக்கெட் எங்கே கிடைக்கிறது?

கடைசியாக வந்தது கன்வீனியன்ஸ் ஃபீ. கவுண்டர் வேண்டாம், அச்சடிக்க வேண்டாம், செலவு மிச்சம். ஆனாலும் வாங்குபவர் தலையில் தனிக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு 18% ஜிஎஸ்டி!

2023-ல் நடந்ததைப் பாருங்கள். சென்னையில் ஆகஸ்ட் 12 அன்று நடக்கவிருந்த ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' மழையால் அன்றைக்கே தள்ளிவைக்கப்பட்டது. செப்டம்பர் 10-ல் பனையூரில் நடந்தபோது, டிக்கெட் வைத்திருந்த பலர் கூட்டத்தில் உள்ளேயே போக முடியவில்லை. டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார் ரஹ்மான், பணம் திருப்பித் தருவதாகவும் அறிவிக்கப்பட்டது. சரி, பெரம்பலூரிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போனவருக்கு? டிக்கெட் காசு திரும்பலாம். பஸ் காசும், போன இரண்டு நாளும் திரும்பாது.

முதலில் ஒரு விலையைக் காட்டி, பணம் கட்டும் நேரத்தில் கட்டணங்களை ஏற்றுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தவறான வணிக முறைகள் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவில் 2025 மே முதல், கச்சேரி டிக்கெட்டின் முழு விலையையும் ஆரம்பத்திலேயே காட்டியாக வேண்டும்.

ஜமீன்தார் காலம் திரும்ப வராது, வரவும் வேண்டாம். ஆனால் ஜமீன்தார் இருந்த இடத்தில் இன்று ரசிகர் இருக்கிறார். படியளப்பவர் அவர்தானே? எதற்கு எவ்வளவு என்ற கணக்கை முதலிலேயே கேட்க அவருக்கு உரிமை இல்லையா?