சாவு சொன்னவர் வீட்டுச் சாவு

எங்க தாத்தா வெட்டியான். ஊர்த்தெருவில் யார் செத்தாலும் முதல் சேதி அவருக்குத்தான் வரும். எட்டு ஊர், பத்து ஊர் நடந்து சொந்தபந்தங்களுக்குச் சாவு சொல்லிட்டு வருவார். அப்புறம் குழி வெட்டணும், இல்ல விறகு அடுக்கணும். எல்லாம் முடிஞ்சு மணியக்காரர் வாசலில் கைகட்டி நின்னு, "இன்னார் பூட்டாருங்க ஆண்டே" என்பார். மணியக்காரர் திண்ணையில் உட்கார்ந்தபடியே எழுதிக்கொள்வார். பிறப்பு இறப்பைப் பதியச் சென்னை மாகாணத்தில் 1899-இல் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்காக நடந்த கால் தாத்தா மாதிரி ஆளுங்களுடையது. என்ன எழுதினீங்கன்னு கேட்க அவருக்கு எழுத்தும் தெரியாது, கேட்டுவிட்டு ஊரில் இருக்கவும் முடியாது.

1969-ஆம் வருடச் சட்டத்தின் 10-ஆம் பிரிவைப் பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இடுகாடு, சுடுகாட்டைப் பார்த்துக்கொள்கிறவர் சாவைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டுமாம். தாத்தா காலமெல்லாம் செய்ததுதானே இது!

1980 நவம்பரில் பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகளை அரசு ஒழித்தது. அது நல்ல காரியம்தான். பதிவேடு வி.ஏ.ஓ. கைக்குப் போனது.

1984-இல் அப்பா செத்தார். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. இருமி இருமியே போனார். பெத்த பிள்ளைக்குத் தாத்தாவே குழி வெட்டினார். வெட்டிட்டு வந்து படுத்தவர் பத்து நாள் எழுந்திருக்கவில்லை. ஊர்ச் சாவையெல்லாம் சொன்ன மனுசன் வீட்டுச் சாவைச் சொல்லப் போக ஆளில்லை.

ஒன்றரை வருசம் கழிச்சு, கூரை மாத்தும்போது தகரப் பெட்டியில் அம்மாவுக்கு ஒரு காகிதம் கிடைத்தது. ஷாப்புக்கு வந்த ஏஜெண்ட்டிடம் அப்பா எடுத்திருந்த 5,000 ரூபாய் பாலிசி. தவணை கட்டின ரசீதெல்லாம் நூலில் கோத்து இருந்தது. இன்சூரன்ஸ் ஆபீசில் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பதிவேட்டில் அப்பா சாகவே இல்லை.

21 நாளுக்குள் சொன்னால் செலவில்லை. ஒரு வருசம் தாண்டினால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும் என்பது அன்றைய சட்டம். 2023 திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் மட்டத்தில் அதை வாங்கலாம். எங்களுக்குக் கோர்ட்டுதான். செத்ததுக்கு சாட்சி யார் என்றார்கள். தாத்தா கூண்டில் ஏறினார்.

"புதைச்சதைப் பார்த்தீரா?"

"நாந்தான் சாமி புதைச்சேன்."

அதுக்கு மேல கேள்வி வரவில்லை. உத்தரவு வந்தது, சான்றிதழும் வந்தது. அதில் சேரியில் கூப்பிடுகிற பேர். பாலிசியிலோ பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதின பேர். ரெண்டும் ஒரே ஆள்தான் என்று தாசில்தாரிடம் எழுதி வாங்க அம்மா நாலு மாசம் கூலியை விட்டுட்டு நடந்தாள். பணம் வந்தப்போ பாதி கடனுக்குப் போச்சு.

அந்தச் சான்றிதழில் அப்பா எதனால் செத்தார் என்று இல்லை. பதிவேட்டில் இருந்தாலும் சான்றிதழில் காரணத்தைக் காட்டக் கூடாது என்கிறது 17-ஆம் பிரிவு. குடும்பத்தின் மானம் காக்கிற ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் மலக்குழியில் இறங்கிச் செத்தவன் பெண்டாட்டியை நினைத்துப் பாருங்கள். 1993-இலிருந்து அப்படிச் செத்த எல்லோர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச்சொல்லி உச்சநீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அவள் கையில் இருக்கிற சான்றிதழ் செத்தான் என்று மட்டும் சொல்லும். குழியில் செத்தான் என்று போலீஸ் எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும்தான் சொல்ல வேண்டும். காண்டிராக்டர் முந்திக்கொண்டு உடம்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அதுவும் இல்லை.

தாத்தா 1996-இல் போனார். மூன்றாம் நாளே வி.ஏ.ஓ.விடம் போய் நின்றேன். படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம். "என்னப்பா போடறது, கூலின்னு போடட்டுமா?" என்றார். "இந்த ஊருக்குச் சாவு சொன்னவர் சார்" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, கூலி என்றே எழுதினார்.