மௌனமும் ஒரு திருத்தமே

நெடுநாள் அறிந்த சித்திரக்கதை நாயகரைத் தற்பாலீர்ப்பாளராக மாற்றுவது மூலத்துக்கு இழைக்கும் துரோகம் என்கிறார்கள். அந்த மூலம் எவ்வாறு உருவானது என்பதை முதலில் நோக்க வேண்டும்.

1954இல் அமெரிக்க உளமருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம், பேட்மேன், ராபின் கதைகளில் தற்பால் விழைவின் கனவைக் கண்டு சாடினார். அவ்வாண்டே பதிப்பாளர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை, ‘பாலியல் பிறழ்வு’ பற்றிய மறைகுறிப்பையும் விலக்கியது. 1989இல்தான் அந்த விலக்கு நீங்கியது.

1979இல் மார்வெல் இதழில் அறிமுகமானவர் நார்த்ஸ்டார். பின்னர் ‘ஆல்ஃபா ஃபிளைட்’ தொடரை எழுதிய ஜான் பைர்ன் அவரைத் தற்பாலீர்ப்பாளராகவே கருதினார்; வெளிப்பட எழுத இயலவில்லை. 1992இல் வேறோர் எழுத்தாளரின் கையில் அப்பாத்திரம் வாய் திறந்தது. அதனை மாற்றம் என்பதைவிடத் தாமதமான வெளிப்பாடு எனலே தகும்.

ஆலன் ஸ்காட்டின் நிலை வேறு. 1940இல் தோன்றிய இந்த முதல் கிரீன் லாண்டர்ன், 2012இல் மாற்றுலகக் கதையொன்றில் இளைஞராக, தற்பாலீர்ப்பாளராக மறுபடைப்புப் பெற்றார். முன்னரே தற்பாலீர்ப்பாளராகக் காட்டப்பட்டிருந்த அவருடைய மகன் ஆப்சிடியனுக்கு அந்த உலகில் இடமில்லை. 2021இலோ முதிய ஆலனே தம் மக்களிடம் உண்மையை உரைக்கிறார். பழைய கதைகள் அழியவில்லை. அவற்றினுள் ஒளிந்து வாழ்ந்த ஒரு தலைமுறை தென்படுகிறது.

இம்மூன்றையும் ஒரே சொல்லால் அழைப்பது ஆய்வாகாது. திருத்தியவரைக் கேள்வி கேட்கும் நாம், 35 ஆண்டுகள் வாயடைத்தவரையும் கேட்க வேண்டும்.