டிராக் ரேஸ்: சாலைச் சரிவு உங்கள் 'ரெக்கார்டு' நேரத்தை எவ்வளவு குறைத்துக் காட்டும்?

கழக்கூட்டத்தில் தொடங்கி திருவனந்தபுரம் நகரைச் சுற்றி வரும் தேசிய நெடுஞ்சாலை 66 பைபாஸ், காரோட்டில் முடிகிறது. நெய்யாற்றின்கரை, பாறசாலை பக்கத்து கிராமங்கள் வழியாக வரும் சாலை இது. கொஞ்சம் தள்ளிப் போனால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. முக்கோலா முதல் காரோடு வரையிலான சுமார் 16 கி.மீ. முழுக்க கான்கிரீட். அகலமான சாலை, நல்ல பிடிமானம், அதிகாலையில் ஆள் நடமாட்டம் குறைவு. த்ராட்டிலைத் திருகத் தோன்றும்தான்.

இதுபோன்ற பைபாஸ்களில் 400 மீட்டரை எத்தனை விநாடியில் கடந்தேன் என்று மொபைல் திரையைக் காட்டும் ரீல்ஸ் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். "15 செகண்டுக்குக் கீழே வந்துட்டேன்" என்று ஒருவர் சொன்னால், வாழ்த்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: ரோடு எந்தப் பக்கம் இறங்குது?

1% சரிவு என்றால் எவ்வளவு?

டிராக் ரேஸின் வழக்கமான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். 1% சரிவு என்றால் 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம். மொத்த ஓட்டத்துக்கும் 4 மீட்டர். ஒரு மாடி உயரத்தைவிடச் சற்று அதிகம். ஆனால் 400 மீட்டர் நீளத்துக்குப் பரவிக் கிடக்கும்போது கண்ணுக்கு அது சமதளமாகத்தான் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் புவியீர்ப்பு விசை சும்மா இருக்காது. அந்த 1% இறக்கம் ஒவ்வொரு விநாடியும் வண்டியின் வேகத்தில் மணிக்கு சுமார் 0.35 கி.மீ. கூட்டிக்கொண்டே இருக்கும். வண்டி கனமா, லேசா என்பது இங்கே பொருட்டில்லை. எவ்வளவு நேரம் தள்ளுகிறது என்பதுதான் கணக்கு.

இங்கேதான் சுவாரசியம். சமதளத்தில் 10 விநாடியில் ஓடும் சூப்பர்பைக்குக்கு 1% இறக்கம் தரும் லாபம் வெறும் 0.05 முதல் 0.06 விநாடி. 15 விநாடி எடுக்கும் காருக்குக் கிட்டத்தட்ட 0.2 விநாடி. 20 விநாடி எடுக்கும் சாதாரண பைக்குக்கு ஏறக்குறைய அரை விநாடி! ஓடும் நேரம் இரண்டு மடங்கானால் சரிவின் பலன் எட்டு மடங்காகும். மெதுவான வண்டிக்குத்தான் சரிவு அள்ளிக் கொடுக்கிறது.

0.2 விநாடி பெரிய விஷயமா என்று கேட்கலாம். எக்ஸாஸ்ட் மாற்றி, ஈசியு ரீமேப் செய்து, ஆயிரக்கணக்கில் செலவழித்து பலர் துரத்துவது இந்த 0.2 விநாடியைத்தான். சாலை அதை இலவசமாகவே கொடுத்துவிடும். அடுத்த நாள் எதிர்த்திசையில் ஓடினால் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

நெடுஞ்சாலையில் சமதளமே இல்லையா?

நெய்யாற்றின்கரை வட்டாரம் உங்களுக்குப் பழக்கமென்றால் இதைச் சொல்ல வேண்டியதில்லை. பொற்றை ஏறி ஏலாவில் இறங்கும் நிலம் அது. குன்றை வெட்டி, பள்ளத்தை நிரப்பி பைபாஸ் போட்டாலும் ஏற்ற இறக்கம் முழுதாகப் போய்விடாது. போக வேண்டிய தேவையும் இல்லை. சமவெளி, மேடுபள்ள நிலங்களில் நான்கு வழிச் சாலைக்கு 2.5% சரிவு வரை இயல்பானது என்றும், உச்சபட்சமாக 3.3% வரை போகலாம் என்றும் இந்திய சாலை காங்கிரஸ் வழிகாட்டி சொல்கிறது. மழைநீர் வடிவதற்காகவும் சிறு சரிவு வைப்பார்கள்.

2.5% என்றால் 402 மீட்டரில் 10 மீட்டர் இறக்கம். 15 விநாடி கார் அங்கே 14.5 காட்டும். அது காரின் சாதனை இல்லை, சாலையின் உபயம்.

மொபைல் செயலியில் உயரமும் பதிவாகிறதே என்றால், ஜிபிஎஸ் கணக்கில் கிடைமட்ட இடத்தைவிட உயரத்தில்தான் பிழை அதிகம். சில மீட்டர் தவறுவது சகஜம். நாம் தேடுவதே 4 மீட்டர் வித்தியாசத்தைத்தான்! வேக அளவீட்டுக்கென்றே வரும் டிராகி போன்ற கருவிகள் சரிவையும் கணக்கிட்டு, இறக்கம் 1%-ஐத் தாண்டினால் அந்த ஓட்டம் செல்லாது என்று காட்டிவிடும்.

மற்ற விளையாட்டுகளில் என்ன செய்கிறார்கள்?

2011 பாஸ்டன் மாரத்தானை கென்யாவின் ஜெஃப்ரி முத்தாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடினார். அன்றைய உலக சாதனையைவிட 57 விநாடி குறைவு. ஆனாலும் சாதனையாக ஏற்கப்படவில்லை. கிலோமீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்பது தடகள விதி. பாஸ்டன் பாதை மொத்தத்தில் சுமார் 136 மீட்டர் இறங்குகிறது. தொடக்கமும் முடிவும் வெகு தூரத்தில் இருப்பதால், பின்னாலிருந்து வீசும் காற்றின் உதவியும் கிடைக்கும்.

தரைவழி வேக சாதனைக்கு இன்னும் எளிய தீர்வு இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் எதிரெதிர் திசைகளில் இரண்டு முறை ஓட்டி, சராசரி எடுக்க வேண்டும். 1997 அக்டோபர் 15-ல் ஆண்டி கிரீன் 'த்ரஸ்ட் எஸ்எஸ்சி' காரில் மணிக்கு 1,227.985 கி.மீ. தொட்டது இப்படித்தான். ஒரு திசையில் சரிவும் காற்றும் கொடுத்ததை மறுதிசை ஏறக்குறைய கழித்துவிடும்.

டிராக் ஸ்ட்ரிப்பில் இதைச் செய்ய முடியாது. தொடக்கப் பகுதியில் பிடிமானத்துக்கான பூச்சு, முடிவில் வண்டி நிற்பதற்கான நீண்ட தூரம் என்று எல்லாமே ஒரே திசைக்கு அமைக்கப்பட்டவை. அதனால் ஒரு தடத்தின் நேரத்தை இன்னொரு தடத்தின் நேரத்தோடு ஒப்பிடும்போது கவனம் தேவை. பைபாஸில் ஓட்டிய நேரத்தை எதனோடும் ஒப்பிட முடியாது. சராசரி எடுக்கிறேன் என்று அதே பாதையில் திரும்பி ஓட்டினால் அது ராங் சைடு.

நேரம் சரி, நிற்பது?

நேரத்தில் லாபம் கொடுக்கும் அதே இறக்கம் பிரேக்கில் பாதகமாகிறது. மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் காய்ந்த சாலையில் முழு பிரேக் பிடித்தால் சமதளத்தில் நிற்க சுமார் 110 மீட்டர் தேவை. 2.5% இறக்கத்தில் இன்னும் 4 மீட்டர். நனைந்த சாலையில் அது 190 மீட்டரைத் தாண்டும். இறக்கம் மேலும் 13 மீட்டர் கூட்டும். இது பிரேக் பிடித்த பிறகான தூரம் மட்டுமே. தடையைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போகும் ஒரு விநாடியிலேயே 39 மீட்டர் ஓடிவிடும். ஸ்ட்ரிப்பில் முடிவுக்கோட்டுக்கு அப்பால் வெற்றிடம் இருக்கும். பைபாஸில் அங்கே சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறும் ஆட்டோவோ, பால் வாங்கப் போகிறவரோ இருக்கலாம்.

2022 ஜூனில் கேரள மோட்டார் வாகனத் துறை 'ஆபரேஷன் ரேஸ்' என்ற பெயரில் சோதனை நடத்தியது இதனால்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே. அனுமதியின்றி பொது இடத்தில் ரேஸ் ஓட்டினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முறைப்படி நேரம் பார்க்க வேண்டுமென்றால் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் தேசிய பைக் டிராக் ரேஸ் போட்டிகள் நடந்திருக்கின்றன. பெங்களூரின் ஹேமந்த் முத்தப்பா பட்டங்கள் வென்ற களம் அது. பாறசாலையிலிருந்து சுமார் 700 கி.மீ. தூரம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஒரே வகுப்பு வண்டிகள் ஒரே தடத்தில், ஒரே கடிகாரத்துக்கு ஓடுகின்றன. சரிவு இருந்தாலும் பக்கத்தில் ஓடுகிறவருக்கும் அதே சரிவுதான்.