கொழுக்க வைக்கும் சொல்

ஒரு மொழியில் வழங்கும் சொற்கள், அம்மொழி பேசும் மக்களின் வாழ்வைப் பதிந்து வைத்துள்ள ஏடுகளாகும். அரசாணைகளும் போர்க்குறிப்புகளும் கூறாததை ஒரு வினைச்சொல் கூறிவிடுவதுண்டு. ஹங்கேரி மொழியின் 'ஹீஸெலெக்' என்னும் சொல் அத்தகையது. இச்சகம் பேசுதல், முகத்துதி செய்தல் என்பன அதன் பொருள்.

மகியார் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் ஹங்கேரியர் 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்ப்பாத்திய மலைகள் சூழ்ந்த சமவெளியில் குடியேறினர். அவர்தம் மொழி அண்டையிலுள்ள ஜெர்மானிய, சிலாவிய மொழிகளுக்கு இனமன்று. பின்னிய, எஸ்தோனிய மொழிகளுக்குத் தொலைவான உறவுடையது. 1770இல் சாய்னோவிச் என்னும் ஏசுசபைத் துறவி, வட ஐரோப்பாவின் சாமி மக்கள் மொழியோடு அதற்குள்ள உறவை நூலாக எழுதினார். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளைச் சித்தியக் குடும்பம் என்று தாம் கருதிய தொகுதியோடு இணைத்தபோது, ஹங்கேரி மொழியும் அதனுள் அடங்கியது. அவ்வுறவைப் பிற்கால அறிஞர் ஏற்கவில்லை. எனினும், வேரோடு ஒட்டுகளை அடுக்கிச் சொல்லாக்கும் முறை தமிழுக்கும் அம்மொழிக்கும் பொதுவேயாகும்.

'ஹீஸெலெக்' அவ்வாறு ஆகிய சொல்லே. 'ஹீஸிக்' என்றால் கொழுத்தல். அதன் வேரோடு, ஒரு செயல் திரும்பத் திரும்ப நிகழ்தலைக் குறிக்கும் ஒட்டுச் சேர, இச்சொல் பிறந்தது. 'ஹிஸ்லல்' என்றால் கொழுக்க வைத்தல்; 'ஹீஸோ' என்றால் கொழுக்க வளர்க்கப்படும் பன்றி. யாவும் ஒரு வேரின் கிளைகளே.

கொழுப்புக்கும் புகழ்ச்சிக்கும் என்ன தொடர்பு? புகழுரை கேட்டு உள்ளம் பூரிப்பவனை, 'அவன் ஈரல் கொழுக்கிறது' என்பர் ஹங்கேரியர். வாத்தினத்துக்கு மிகுதியாகத் தீனியூட்டி ஈரலைப் பெருக்கச் செய்யும் தொழில் அந்நாட்டில் பெயர் பெற்றது. பன்றியைக் கொழுக்க வளர்த்துக் குளிர்காலத்தில் அறுப்பதும் சிற்றூர்களின் நெடுநாள் வழக்கம். இவற்றை அறிந்தோர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

இலக்கணமும் ஒரு நுட்பத்தை உணர்த்துகின்றது. கொழுக்க வைத்தலைக் குறிக்கும் வினை இரண்டாம் வேற்றுமையை ஏற்கும். பன்றியைக் கொழுக்க வைத்தான் என்பதுபோல. முகத்துதி வினையோ நம் நான்காம் வேற்றுமைக்கு நிகரான உருபை ஏற்கும். தலைவனுக்கு இச்சகம் பேசினான் என்பதுபோல. பன்றிக்குத் தேர்வில்லை. புகழ் கேட்போனோ கொடுப்பதை ஏற்பவன். ஏற்க மறுக்கவும் வல்லவன்.

மாணவரைப் பாராட்டும் ஆசிரியரும், பாராட்டை விரும்பும் மாணவரும் எண்ணிப் பார்க்கத்தக்க வேறுபாடு இது. நற்செயலைச் சுட்டும் பாராட்டு உரம் தரும். காரணமின்றிப் பொழியும் புகழோ வெறும் தீனி. தீனியிடுவோன் பன்றியின் நலங்கருதி இடுவதில்லை என்பதை அச்சொல்லின் வேர் இன்றும் நினைவூட்டுகின்றது.